ஆக்கா

கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது எப்போது என்று ஞானப்பூ அம்மாளுக்கு நினைவில்லை. தொட்டுப் பார்த்தால் ஆறிப்போய்க் கிடந்தது. அப்படியானால் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும், மணி மூன்றோ நாலோ, ஜன்னலைப் பார்த்து நேரம் சொல்லலாமென்றால் இந்த ஊரில் மே மாதத்துச் சூரியன் காலையில் எப்படி நின்றதோ அப்படியே சாயங்காலமும் நிற்கிறது, வெளியே பனி கண்ணைக் குத்துகிறது, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்தாலும் ஓரத்தில் ஒரு கீற்று உள்ளே வந்து மேஜைமேல் கத்தி மாதிரிக் கிடக்கிறது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அது மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் ஐயர் கிளம்பினார், புதன் சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்றார், வியாழனும் போயிற்று, இது வெள்ளி. எழுந்து போய்த் தேயிலை போடலாம். எழுந்தால் சுவரில் மாட்டியிருக்கிற ரேடியோப் பெட்டிக்கு முதுகைக் காட்ட வேண்டும், முதுகைக் காட்டுகிற நேரம் பார்த்து அதில் அவர் பேர் வந்துவிட்டால்? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பெட்டி உண்டு, பனிக்காட்டுக்குப் போனவர்களும் வீட்டில் இருக்கிறவர்களும் இதில்தான் பேசிக்கொள்வார்கள், பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், யார் பேசினாலும் ஊர் முழுக்கக் கேட்கும். "நீ ரேடியோப் பக்கத்துல இரு, நாங்க தேடுறோம்" என்று சொல்லிவிட்டு ஆண்கள் போனார்கள். அவள் இருக்கிறாள். நேற்றிலிருந்து இருக்கிறாள். காது மட்டும்தான் ஆளாக இருக்கிறது, மற்றதெல்லாம் நாற்காலி.

ஆண்டவரே, அவர் கடல்மேல் போகவில்லை, அதற்கு ஸ்தோத்திரம். ஜெபம் இப்படித்தான் தொடங்குகிறது, இதோடேயே நின்றும் போகிறது, வாளிக் கயிறு முடிச்சில் மாட்டிக்கொண்ட மாதிரி அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ஐயர் என்றால் அவள் வீட்டுக்காரர் வேதமுத்து ஐயர். திருநெல்வேலிச் சீமையில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சபையார் கூப்பிடுவார்கள், முப்பது வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அவர் ஐயராகவே ஆகிவிட்டார். மகள் ஹெலனைக் கட்டிக் கொடுத்து, மகன் சாலமோனுக்கு வேலையும் கிடைத்து, இனிமேல் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று அவள் நினைத்த வருஷம்தான் அவருக்கு இந்த அழைப்பு வந்தது, பூமியின் உச்சந்தலையில் இனுவிட் ஜனங்களுக்கு ஒரு குருவானவர் வேண்டும், யாரும் போக மாட்டேன் என்கிறார்கள் என்று. "நமக்குக் குளிர் ஆகாதே" என்றாள். "வெள்ளைக்காரன் கப்பல் ஏறி நம்ம தேரிக்காட்டுக்கு வந்தாம்ளா, அவனுக்கு வெயில் ஆச்சா? காய்ச்சல்ல கிடந்து செத்தான். நம்மகிட்ட எத்தனை பேர் வந்தான், நாம யார்கிட்ட போனோம்?" என்றார். மறுநாளே அவள் கம்பளி வாங்கப் போனாள். ஆறு வருஷமாயிற்று. செவ்வாய்க்கிழமை போனதும் அப்படி ஒரு அழைப்புக்குத்தான், தூரத்து முகாமில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒரு கிழவி நற்கருணை கேட்டு அனுப்பியிருந்தாள். அந்த முகாமுக்கு இரண்டு வழி. உறைந்து கிடக்கிற கடல்மேல் நேராகப் போனால் பனிவண்டியில் மூன்று மணி நேரம், ஊரார் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். மலைக்குப் பின்னால் ஏரி ஏரியாகத் தாண்டிச் சுற்றிப் போனால் ஏழு மணி நேரம், எண்ணெயும் இரட்டிப்பு. ஊர் எல்லையில் கடலுக்குள் நீட்டி நிற்கிற முனை வரைக்கும் இரண்டுக்கும் ஒரே தடம், முனையைத் தாண்டித்தான் பிரியும், அதனால் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியாது. ஆனால் அவள் முந்தின இரவே கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். ஒரு தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவள், உறைந்த கடலானாலும் அவளுக்கு அது கடல்தான். "கடல்மேல போகாதீங்க, என்னங்க, சரின்னு சொல்லுங்க." அவர் மண்டையை ஒரு பக்கமாக ஆட்டினார். அந்த ஆட்டம் இருக்கிறதே, சரி என்பதற்கும் அதே ஆட்டம், பார்க்கலாம் என்பதற்கும் அதே ஆட்டம், விடுளா தூக்கம் வருது என்பதற்கும் அதேதான். இல்லை, அது சரிதான். முப்பது வருஷத்து ஆட்டம், அவளுக்குத் தெரியாதா. செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பின கொஞ்ச நேரத்தில் எழும்பிப் புதன் முழுக்க அடித்த காற்றில் தடமெல்லாம் மூடி, கடல்பனி பிளந்து, முனைக்கு அப்பால் கறுப்புத் தண்ணீர் ஆறு மாதிரி ஓடுகிறதாம். அவர் அங்கே இல்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே. கயிறு மறுபடியும் அதே முடிச்சில்.

பெட்டி கரகரத்தது. அவள் மூச்சை நிறுத்தினாள். யாரோ ஒரு ஆண், மூச்சிரைக்க, நாலு வார்த்தை, அதற்கு இன்னொருவன் "ஆக்கா" என்றான், அவ்வளவுதான், மறுபடியும் இரைச்சல். ஆக்கா என்றால் இந்தப் பாஷையில் இல்லை. ஆமாம் என்பதற்கு ஈ. இந்த இரண்டு வார்த்தையோடுதான் இந்த ஊருக்குள் காலை வைத்தாள், அதிலும் ஒன்றைத் தப்பாகக் கற்றுக்கொண்டாள். வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டு சியாசி பார்க்க வந்தாள், இவளைவிட எட்டு வயது இளையவள், உருண்டை முகம், முன்பல்லில் ஒரு சந்து. வந்தவளுக்கு மான்கறிக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள் ஞானப்பூ. ஒரு வாய் வைத்ததும் சியாசிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்ட, கையை ஆட்டி ஆட்டி "ஆக்கா, ஆக்கா" என்றாள். இந்தப் பனியில் என்னை அக்கா என்று கூப்பிட ஒருத்தியை வைத்திருக்கிறாரே ஆண்டவர் என்று இவளுக்கு நெஞ்சு உருகிப்போய், "சாப்பிடு தங்கச்சி" என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். ஐயர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு, இருமல் வந்துவிட்டது அவருக்கு. "ஏளா, அவ உறவு கொண்டாடல, வாய் வெந்துபோச்சு வேண்டாம்னு சொல்லுதா!" அதற்குப் பிறகு சியாசி வேண்டுமென்றே வாசலில் நின்று, "ஆக்கா, நெருப்புக் குழம்பு இருக்கா?" என்று கத்திக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். வாயைத் திறக்காமலும் பேசுவார்கள் இவர்கள், புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. இதெல்லாம் பழகத்தான் செய்தது. கோயிலில் அவர்களுடைய கோணல் கோணலான எழுத்தை, முக்கோணமும் கொக்கியுமாக இருக்கிறதே அதை, எழுத்துக் கூட்டி ஞானப்பாட்டே பாடிவிடுவாள், பாதிக்கு அர்த்தம் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும் என்று பாடுவாள். "பேசும்போது மட்டும் கேள்வியத் திருப்பிப் போட்டுக் கேக்காத, நேராக் கேளு, வம்பாயிரும்" என்பார் ஐயர். எந்த வம்பு. எதற்குச் சொன்னார். அது இப்போது எதற்கு.

நேற்றுக் காலையில் மார்க்கோசி வந்தார். மார்க்கோசி என்றால் நம் மாற்குதான், இவர்கள் நாக்கில் அப்படி. எழுபது வயது, ஊரிலேயே பனி தெரிந்த மனுஷன், ஐயருக்குக் கோயில்பிள்ளை மாதிரி, மணியடிக்கிறது அவர், அடுப்பு மூட்டுகிறது அவர், ஐயர் பிரசங்கத்தில் வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் முன் வரிசையிலிருந்து சத்தமாகத் திருத்துகிறதும் அவர். தன் பாஷையைத் தவிர ஒன்றும் தெரியாது. காலில் இருந்த தோல் பூட்சைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார், அவருக்குப் பின்னால் நாலு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. முகாமிலிருந்து ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், ஐயர் அங்கே வந்து சேரவே இல்லை என்று. மார்க்கோசி அவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிக் கேட்டார். "ஐயா கடல்மேல போகலியே?" அவ்வளவு பயத்திலும் அவளுக்கு அந்தக் கேள்வி முழுசாகப் புரிந்தது. புரிந்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கக்கேடு. "ஆக்கா!" என்றாள். போதாது என்று, "ஆக்கா, ஆக்கா" என்று கையையும் ஆட்டினாள். கிழவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடினார். பிறகு கையுறையைக் கழற்றி, அந்தப் பெரிய கையை அவள் தலைமேல் ஒரு நிமிஷம் வைத்து எடுத்தார், வண்டிக்குத் திரும்பிவிட்டார். நல்ல மனுஷன். ஐயர் கடலில் இல்லை என்று தெரிந்ததும் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, தானும் முழங்காலில் நின்றாள். அந்தக் கை ரொம்பக் கனமாக இருந்தது. இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது.

மறுபடியும் கரகரப்பு. "சிக்கு" என்று ஒரு குரல். நேற்றிலிருந்து இந்த வார்த்தைதான், சிக்கு, சிக்குமி, யார் பேசினாலும் நடுவில் ஒரு சிக்கு. கடல்மேல் உறைந்த பனிக்கு இவர்கள் வைத்திருக்கிற பேர் அது. தலைமயிரில் விழுகிறதற்கு நாம் வைத்திருக்கிற பேர். ஹெலனுக்கு இடுப்பு வரைக்கும் முடி, பள்ளிக்கூடத்துக்கு மணியடித்துவிடும், அவளோ சிக்கு எடுக்க விட மாட்டாள், "வலிக்கும்மா, வலிக்கும்மா" என்று தலையை இழுத்துக்கொள்வாள், இழுக்க இழுக்க இன்னும் இறுகும், அவளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, நுனியிலிருந்து, ஒவ்வொரு இழையாக, பொறுமையாக. அடியிலிருந்து சீப்பைப் போட்டால் முடிச்சுப் போய் வேரில் உட்காரும், நுனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஹெலனுக்குச் சொல்ல வேண்டாமா, உங்கப்பாவைக் காணோம் என்று? எப்படிச் சொல்வது, தொலைபேசியில் அந்தப் பக்கம் அவள் ஒரு சத்தம் போடுவாளே. அவர் போகும்போது சட்டைப் பையில் கருப்பட்டித் துண்டு வைத்தாள், ஹெலன் அனுப்பினதில் கடைசித் துண்டு, சர்க்கரை வியாதி உள்ளவர், திடீரென்று மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்று. கூடாரம் இருக்கிறது. ஸ்டவ் இருக்கிறது. மண்ணெண்ணெய் மூன்று நாளைக்கு. செவ்வாய், புதன், வியாழன். கூட வழக்கமாகப் போகிறவன் ஜேப்பிட்டி, கையில் தூக்கிப் போகிற ரேடியோவும் அவனுடையதுதான், அவனுக்கு அன்றைக்குப் பார்த்துத் தாடை வீங்கிப் பல்வலி, அந்தப் பல்லை ஒரு நாள் முந்திப் பிடுங்கியிருக்கக் கூடாதா. சிக்கு, சிக்குமி. ஏன் இவர்கள் கடலைப் பற்றியே பேசுகிறார்கள்? கடல் கெட்டுப்போய்க் கிடக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள், வேறென்ன. ஏரிக்குத் தசிக் என்பார்கள், அது அவளுக்கு நன்றாகத் தெரியும், தசிக்கில் மீன் பிடிக்க சியாசியோடு போயிருக்கிறாள். இரண்டு நாளில் ஒரு தடவைகூடத் தசிக் காதில் விழவில்லை. வேகமாகப் பேசுகிறார்கள், தப்பிப் போயிருக்கும். காலை முழுக்கத் தப்பிப் போகுமா? சீப்பு எதிலோ மாட்டுகிறது. வேண்டாம், இழுக்காதே, வலிக்கும். ஆண்டவரே, அவர் கடல்மேல் போகவில்லை.

கதவு திறந்தது, குளிர் முதலில் வந்தது, பிறகு சியாசி. இன்றைக்கு ஆக்கா என்று கத்தவில்லை. கோயில் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள், முழங்கை வரைக்கும் மாவு, காலையிலிருந்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் கூடியிருக்கிறார்கள், தேடப்போனவர்களுக்கு ரொட்டி. சியாசி ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு இவளை உற்றுப் பார்த்தாள். "மூஞ்சியப் பாரு, காயப்போட்ட மீன் மாதிரி. சாப்பிடு." அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், இவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், மீதிக்கு அவள் பாஷை, கை, கண், இப்படித்தான் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்கிறார்கள். சியாசியே கெட்டிலைச் சூடாக்கினாள், தேயிலை போட்டாள், சர்க்கரையை அள்ளிக் கொட்டினாள். குடித்தாள். இன்னொன்று குடித்தாள். நேராகப் பார்க்க மாட்டேன் என்கிறாள், கோப்பைக்குள்ளேயே பார்க்கிறாள், ஏன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாய் தங்கச்சி, கேட்கப் பயமாயிருந்தது, கேட்டால் எதையாவது சொல்லிவிடுவாள். பயத்தை மறைக்க ஞானப்பூ தேயிலைக் கெட்டிலைக் கையில் எடுத்தாள். "இன்னும் வேண்டாமா?" என்றாள். "ஈ" என்றாள் சியாசி. ஞானப்பூ ஊற்றினாள். சியாசி அவசரமாகக் கோப்பையைக் கையால் மூட, கொதிக்கிற தேயிலை அவள் விரல்மேல் விழுந்தது. "அய்யோ, ஈன்னு சொன்னேன்ல!" விரலை வாயில் வைத்துக்கொண்டு, அழுகையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் சொன்னாள். "வேண்டாமான்னு கேட்டே. ஈ, வேண்டாம். ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் உன் காது கோணல்."

கெட்டில் கையிலேயே இருந்தது. அது கனக்கிறது, கீழே வைக்க வேண்டும். வேண்டாமா என்றால் ஈ, வேண்டாம். கேட்டது சரி, வேண்டாம்தான். நமக்கு இல்லை என்று வருகிற இடத்தில் அவர்களுக்கு ஆமாம். பசிக்கலியா? ஈ, பசிக்கல. தூங்கலியா? ஈ, தூங்கல. அப்படியானால் ஆக்கா என்றால்? நீ சொல்கிறது தப்பு, பசிக்கிறது. நீ சொல்கிறது தப்பு, தூங்கினேன். இது தெரியாததா அவளுக்கு. ஐயர் ஒரு தடவை பிரசங்கத்தில், பேச்சு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லை என்றால் இல்லையாகவே இருக்க வேண்டும் என்று சொல்ல வந்து, உங்களில் பொய் சொல்கிறவர்கள் யாரும் இல்லையே என்று கேட்டுவிட்டு, சபையார் ஆக்கா என்று சொல்வார்கள் என்று காத்திருக்க, கோயில் முழுக்க ஈ, ஈ என்றது. அவர் திடுக்கிட்டு, எல்லாரும் பொய்யரா என்று முழிக்க, மார்க்கோசி முன் வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, ஐயரும் விஷயம் புரிந்து மேடையிலேயே சிரித்தாரே, அவளும் சிரித்தாளே. அதற்குத்தானே அவர் சொன்னார், கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேக்காதளா. திருப்பிப் போட்டு. கடல்மேல போகலியே. வாசலில் கிழவர், பூட்சைக் கழற்றாமல், மெதுவாக, போகலியே, அவர் ஆசையாகக் கேட்டிருக்கிறார், போகவில்லை என்று சொல்லிவிடு மகளே என்று கேட்டிருக்கிறார், அவளுக்குப் பயத்தில் தன் தாய்ப்பாஷைதான் வந்து நாக்கில் உட்கார்ந்தது, வார்த்தை மட்டும் அவர்களுடையது. ஆக்கா. கையை வேறு ஆட்டினாள். தப்பு ஐயா, போனார், போனார், கடல்மேல்தான் போனார். அவர் கண்ணை மூடினார். தலைமேல் கை வைத்தார். அது ஸ்தோத்திரம் இல்லை. அது துக்கம் விசாரித்தது.

"சியாசி." குரல் எங்கேயோ இருந்தது. "எங்க தேடுறாங்க? எங்க?" சியாசி கோப்பையைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்ல." "எங்க?" "பனி பிளந்த இடத்துல" என்றாள் சியாசி, ரொம்ப மெதுவாக. "தண்ணிக்குள்ள கொக்கி போட்டுப் பாக்குறாங்க. உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீதானே மார்க்கோசிகிட்ட சொன்னே." கொக்கி. நேற்றிலிருந்து கொக்கி. உயிரோடு இருக்கிற ஆளைக் கொக்கி போட்டுத் தேட மாட்டார்கள். ஊர்ப் பெண்கள் கோயிலில் கூடியிருப்பது ரொட்டிக்கு இல்லை. ஒன்றரை நாள், காற்று அடங்கிய ஒன்றரை நாள், இத்தனை வண்டி, இத்தனை ஆள், மலைக்குப் பின்னால் ஒரு ஆள்கூடப் போகவில்லை, அவர் அங்கே ஏதோ ஒரு ஏரிக்கரையில் வண்டி பழுதாகி, கூடாரத்துக்குள், காதைத் தீட்டிக்கொண்டு, வருவார்கள், மார்க்கோசி வருவார் என்று. நான் கெடுத்தேன். என் வாய் கெடுத்தது. ஆனால் பொறு, அந்த மண்டை ஆட்டம். சரிதானா அது? பார்க்கலாம் என்றிருந்தால்? இப்போது போய் ஏரி என்று சொல்லி, எல்லாரையும் மலைக்குத் திருப்பி, அவர் உண்மையாகவே கடல் பக்கம் எங்கேயாவது பனித்துண்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தால்? இரண்டாவது தடவையும் நானேயா? கெட்டிலை எங்கே வைத்தாள் என்று தெரியாது, வாசலறைக்கு ஓடினாள், சாமான் வைக்கிற குளிரறை அது, எண்ணெய் டின்கள் நிற்கிற மூலை. ஏரி வழிக்கு இரண்டு டின், கடல் வழிக்கு ஒன்று. இரண்டு டின்தான் இருந்தது வீட்டில், திங்கட்கிழமை அவளே தட்டிப் பார்த்தாள். குனிந்தாள். பலகைத் தரையில் எண்ணெய்க் கறை, வட்டமாக ஒன்று, அதற்குப் பக்கத்தில் வட்டமாக இன்னொன்று. டின் இல்லை. ஒன்றும் இல்லை. இரண்டையும் எடுத்துப் போயிருக்கிறார். தரையைத் தடவிப் பார்த்தாள், விரலில் எண்ணெய் ஒட்டியது. சரி என்றுதான் ஆட்டியிருக்கிறார், என் ராசா, சரி என்றுதான்.

ஏரி வழிதான், நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் என்று உள்ளே ஓடி வந்து அவள் சொல்லி முடிப்பதற்குள் சியாசி ரேடியோவுக்குக் கை நீட்டியிருந்தாள். "நான் சொல்றேன்" என்றாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள். "நீ சொல்லு. உன் வாய்ச் சொல்லைத்தான் மார்க்கோசி நம்பினாரு. நீயே மாத்தணும்." பொத்தான் சில்லென்றிருந்தது. அமுக்கினாள். ஊர் முழுக்கக் கேட்கும். "மார்க்கோசி" என்றாள். "ஐயா... சிக்கு..." நாக்கு நின்றுவிட்டது. சிக்கு என்ற பிறகு என்ன சொன்னாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து, ஆமாம் என்றாலும் ஆபத்து. அடியிலிருந்து சீப்பைப் போடாதே, நுனியிலிருந்து எடு, ஒவ்வொரு இழையாக. "தசிக்" என்றாள். "ஐயா தசிக். தசிக். எண்ணெய் டின் இரண்டு. ஐயா தசிக்." பொத்தானை விட்டாள். இரைச்சல். இவ்வளவு இரைச்சலா வானத்தில். யாரோ ஒரு பெண், கோயிலிலிருந்து போலும், பொத்தானை அமுக்கிவிட்டு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது, அவ்வளவு ஊமையாக இருந்தது ஊர். பிறகு மார்க்கோசியின் குரல், காற்றில் தேய்ந்து, மெதுவாக, நேற்று வாசலில் கேட்ட அதே வார்த்தைகளை அதே வரிசையில், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. "ஐயா... கடல்மேல... போகலியே?"

அவளுக்கு வாய் திறந்துவிட்டது. ஆ என்று பாதி எழும்பியும் விட்டது, ஐம்பத்தைந்து வருஷத்துப் பழக்கம், அம்மா பாலோடு வந்தது, இல்லை என்கிறதற்கு இல்லை. சியாசி எதிரே நின்று கண்ணைப் பெரிதாக்கி, புருவத்தை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு நின்றாள். ஞானப்பூ பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆண்டவரே, இந்த ஒரு எழுத்தை என் வாயில் வையும். "ஈ" என்றாள். சத்தம் எலி கத்தின மாதிரி வந்தது. "போகலியே?" என்றார் கிழவர் மறுபடியும். "ஈ" என்றாள், "ஈ, ஈ, ஈ," பொத்தானை விடாமல், ஈ என்று சொல்ல உதடு விரிகிறது, சிரிக்கிற மாதிரி, வெளியிலிருந்து பார்த்தால் சிரிக்கிறாள் என்றுதான் தோன்றும், சியாசி அவள் விரலைப் பொத்தானிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பெட்டியில் மார்க்கோசி பேசிக்கொண்டிருந்தார், கிழவர் இவ்வளவு வேகமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை, ஒன்றும் புரியவில்லை, நடுவில் ஒரு வார்த்தை மட்டும் கல் மாதிரி வந்து விழுந்தது, தசிக். இரண்டு நாளில் முதல் தடவை. அப்புறம் தூரத்தில் வண்டிகள். பெட்டிக்குள்ளே இல்லை, வெளியே, முனைப் பக்கம், ஒன்று, இரண்டு, ஐந்து, உறுமல் கடல் பக்கத்திலிருந்து திரும்பி, மலையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது, மெலிந்துகொண்டே, கொசு மாதிரி, பிறகு அதுவும் இல்லை.

ஏழு மணி நேரம். அவர்கள் வேகமாகப் போவார்கள், ஐந்து என்று வை. மண்ணெண்ணெய் மூன்று நாளைக்கு, அவர் சிக்கனக்காரர், நாலு நாளைக்கு இழுப்பார். கருப்பட்டி ஒரு துண்டு, ஒரே துண்டு. புதன்கிழமைக் காற்று மலைக்குப் பின்னால் எப்படி அடித்ததோ. கூடாரம் நின்றிருக்குமா. நேற்றுக் காலையில் ஈ என்று ஒரு எழுத்தைச் சொல்லியிருந்தால் நேற்றுச் சாயங்காலமே. நேற்றுச் சாயங்காலம் அவர் இருந்திருப்பார், அது நிச்சயம். இன்றைக்கு? சூரியன் அதே இடத்தில் நின்றது. மேஜைமேல் அந்தக் கீற்று கொஞ்சம் நகர்ந்து ரொட்டிப் பொட்டலத்தைத் தொட்டிருந்தது, அப்படியானால் அதுவும் நகரத்தான் செய்கிறது. ஆண்டவரே, என்று தொடங்கினாள். முடிச்சு அங்கே இல்லை. கயிறு சர்ரென்று கீழே போய்க்கொண்டே இருந்தது, அடியே இல்லாத மாதிரி, பிடித்துக்கொள்ள ஒரு வார்த்தையும் இல்லாமல். நாற்காலியை இழுத்து ரேடியோவுக்கு இன்னும் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சியாசி வெந்த விரலோடு தரையில் அவள் காலடியில் வந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்து, அண்ணாந்து பார்த்தாள். இப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"நீ அழலியே?" என்றாள் சியாசி.

"ஆக்கா" என்றாள் ஞானப்பூ. இந்தத் தடவை சரியாகத்தான் சொன்னாள்.